மூன்றாவது தோல்வி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. படியேறினால் முழங்கால் முணுமுணுக்கிறது. காது இரண்டும் முழு ஓய்வு எடுத்துக்கொண்டுவிட்டன. போன மாதம் நீ போன் செய்திருந்ததைத் திரையில் பார்த்தேன். எடுத்து என்ன செய்ய? நீ அங்கே பேசுவாய், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கைபேசியில் துண்டு துண்டாக அடித்து அனுப்புவதும் எனக்கு வேண்டாம். தாளில் எழுதும்போதுதான் மனிதன் கொஞ்சம் யோசிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நான் ஆட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பித்ததே உன்னால்தான். "உங்க தம்பி என்ன வேலை பாக்குறார்?" என்று யாராவது கேட்டால், "யாரோட யார் மோதணும்னு சேத்துவிடுற வேலைக்கா" என்று நீ சொன்னதை அப்படியே சொல்லிப் பார்த்தேன். உன்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்துக்கொண்டார்கள். சரி, என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று நீ வாங்கிக் கொடுத்த கணினியில் உட்கார்ந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வாரம் சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கை பழகிவிட்டது.

மேல்வீட்டில் மின்மீட்டர் கணக்கெடுப்பவர் குடியிருக்கிறார். ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இந்த வயசுல துப்பாக்கியும் கையுமா?" என்றார். அவர் வாயசைவு எனக்கு அத்துப்படி. "இந்த வயசுலதாம்ப்பா நேரம் இருக்கு" என்றேன்.

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே திறமையுள்ளவர்களாகப் பார்த்து உங்கள் இயந்திரம் சேர்க்கிறது. அதுதானே உன் வேலை? அதைத்தான் நான் நம்பவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, இடம், யார் யார், எத்தனை சுற்று, வெற்றியா தோல்வியா. அக்டோபரிலிருந்து என் ஆட்டங்களை யாரோ பொறுக்கிப் போடுகிறார்கள். உங்கள் கம்பெனிக்குள் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது. நீ விசாரித்து எழுது.

விளையாட்டில் என் பெயர் 'இரண்டாம் ஷிப்ட்'. நீ தேடிப் பார்க்க வசதியாக இருக்கும்.

அக்கா


பிப்ரவரி 20

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். எங்கள் அலுவலகத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். ஒருவர்கூட ஆடிய ஆட்டத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்ததில்லை.

விசாரித்தேன். ஒன்றும் இல்லை. சில நாள் தொடர்ந்து ஜெயிப்போம், சில நாள் தொடர்ந்து தோற்போம், எல்லாம் தற்செயல்தான். பார்க்கிறவர்களுக்கு அதில் ஏதோ ஒழுங்கு இருக்கிற மாதிரித் தோன்றும். தினமும் இந்த மாதிரி நூறு புகார் வருகிறது. எல்லோரும் தங்களுக்கு மட்டும்தான் அநியாயம் நடக்கிறது என்கிறார்கள்.

நீ எண்ணாதே அக்கா. தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் எண்ணியது போதாதா? சும்மா விளையாடு. ஜெயிக்கும்போது நன்றாக இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் எழுது.

இங்கே வேலை அதிகம். நாற்காலியிலேயே உட்கார்ந்து முதுகு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். அடுத்த மாதம் வருகிறது, மறுபடி அடுத்த மாதம் என்கிறார்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. எனக்குத் திருப்தி இல்லை. தற்செயல் என்று எழுதியிருக்கிறாய். தற்செயல் எப்படி இருக்கும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

நான் பேரிங் தொழிற்சாலையில் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு பேரிங்குக்குள் ஒன்பது எஃகுக் குண்டுகள் போகும். ஒன்பதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் மொத்தச் சுமையும் அதன் மேல் இறங்கும். அது தேயும், பிறகு மற்ற எட்டும் சிதையும். அளந்து, ஒத்த குண்டுகளை ஒரே தட்டில் சேர்ப்பது என் வேலை. நீ ஆட்களைச் சேர்க்கிறாய், நான் குண்டுகளைச் சேர்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இயந்திரத்திலிருந்து வருகிற நிஜமான குண்டுகள் கன்னாபின்னாவென்று இருக்கும். இரண்டு பெரிசு, நாலு சிறிசு, ஒன்று நடுவில் என்று வரும். ஒரு தட்டு மட்டும் சொல்லி வைத்தாற்போல ஒழுங்காக வந்தால், எனக்கு முன்னால் யாரோ அதில் கை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது கேள். அக்டோபரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அதில் பாதிக்கும் மேல் தோற்றிருக்கிறேன். ஆனால் தொடர்ந்து மூன்று முறை தோற்றது ஒருதரம்கூட இல்லை. இரண்டு தோல்வி வந்தால் அடுத்தது வெற்றி. ஒவ்வொரு தடவையும். அந்த மூன்றாவது ஆட்டங்களில் எதிர்ப்பக்கம் யார் என்று பார்த்தேன். எல்லாம் புதுசு. பத்து ஆட்டம்கூட ஆடாத பிள்ளைகள். வாசற்படியைத் தாண்டுவதற்குள் நான் சுட்டுவிடுகிறேன்.

போன வாரம் அப்படித் தோற்றவர்களில் ஒருவர் முடிந்ததும் எழுதினார்: "மொத நாளே இப்படியா? எனக்கு இது வராது போல. நான் போறேன்பா." மறுநாள் பார்த்தேன், நேற்றும் பார்த்தேன். திரும்ப வரவேயில்லை.

என் காது போனபோது மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சிரமம் வேணாம்மா, அந்த ரூம்ல உக்காந்து லேபிள் ஒட்டுங்க" என்றது உனக்குத் தெரியும். கண்ணும் கையும் சரியாக இருந்தபோது லேபிள் ஒட்டச் சொன்னார். மறுநாள் வேலையை விட்டேன். யார் தயவிலும் எனக்கு எதுவும் வேண்டாம். உங்கள் இயந்திரத்தின் தயவும் வேண்டாம்.

பதினான்கு பக்கத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாம் தேதி தபாலில் சேர்ப்பேன். உனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று உன் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. கைபேசியில் மூன்று முறை எழுதிவிட்டேன். நீ பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. காரணத்தை நேரில் வந்து சொல்கிறேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. புகார் ஆறாம் தேதியே போய்விட்டது. ஆறாம் தேதி என்று எழுதினால் ஆறாம் தேதிதான். கைபேசி உயிரில்லாமல் அலமாரியில் கிடந்தது.

என்ன காரணம்? நேரில்தான் சொல்ல வேண்டும் என்றால் நீ எப்போது வருவாய்? கடைசியாக நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்று வாரம் முன்பு வாங்கிய மவுஸ் கெட்டுவிட்டது. மேல்வீட்டுக்காரர் பிரித்துப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறார். இனி அதை மறந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

உன் தட்டில் கை விட்டது நான்தான்.

நீ ஆட ஆரம்பித்தது எனக்கு முதல் வாரமே தெரியும். 'இரண்டாம் ஷிப்ட்' என்று வேறு யார் பெயர் வைப்பார்கள்? உன் முதல் அறுபது ஆட்டத்தைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று தோல்வி. எப்படிச் செத்தாய் என்றும் பார்த்தேன். எல்லாம் பின்னாலிருந்து. பின்னால் ஆள் வருகிற காலடிச் சத்தம் மற்ற ஒன்பது பேருக்கும் கேட்கும், உனக்குக் கேட்காது. உன்னைக் குறைத்து மதிப்பிட்டு உனக்குக் கீழே உள்ளவர்களோடு சேர்த்தாலும் காது காதுதான். இயந்திரம் அளப்பதில் காது கிடையாது.

காலடிச் சத்தத்தைத் திரையில் ஒரு கோடாகக் காட்டலாம் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். இந்தப் பக்கம் வருகிறான், அந்தப் பக்கம் வருகிறான் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். "நல்ல ஐடியா. அடுத்த மாசம்" என்றார்கள். மூன்று தடவை கேட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் எல்லோரும் போனபின் இயந்திரத்தின் நிரலில் இரண்டே வரி சேர்த்தேன். இந்த ஒரு கணக்கு இரண்டு முறை தோற்றால், மூன்றாவதில் புதியவர்களோடு சேர். அவ்வளவுதான். நீ ஜெயிக்கிறாய் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

உன் பதினான்கு பக்கத்தையும் பெரிய திரையில் போட்டார்கள். பிரிவுத் தலைவர், "யாருங்க இந்தம்மா? கோடு போட்டு, ஓரம் விட்டு... நம்மாளுங்க ஒருத்தருக்கும் இப்படி எழுத வராதே" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, "சரி, இந்தக் கணக்குல கை வச்சது யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"எதுக்கு?"

"எங்கக்கா."

வேலையை விட்டுப் போக எனக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். பொருட்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினாறு வருஷம். ஒரு அட்டைப்பெட்டிகூட நிறையவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் என்னை ஏ பிரிவிலிருந்து பி பிரிவுக்கு மாற்றினார்களே, அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்பு பஸ் ஸ்டாண்டில் கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். "உன்ன பி பிரிவுக்கு மாத்தணும்னு உங்கக்கா ஷிப்ட் முடிஞ்சு வந்து மூணு நாள் ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நின்னாங்கப்பா. ஒரு வார்த்தை கெஞ்சல. சும்மா நின்னாங்க" என்றார். ஏ பிரிவில் முப்பதாவது வந்தவன் பி பிரிவில் முதலாவது வந்தேன். என் திறமை என்று நாற்பது வயது வரை நம்பினேன். நான் உன்னைக் கேட்டேனா? கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்கவில்லை. நீ எனக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்தேன். நீ செய்ததற்கு என்னிடம் புகார்ப் பெட்டி இல்லை. உனக்கு இருந்தது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

மூன்று நாள் இல்லை, நான்கு நாள் நின்றேன். வாத்தியாருக்கு மறதி.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் புகார் எழுதியது சரிதான். யார் கை என்று தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று கேட்காதே. எழுதியிருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பி பிரிவில் நீ வருவதற்கு முன்னால் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் எங்கள் தொழிற்சாலை கேட் காவலாளியின் மகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருபவர்களை எட்டாம் வகுப்பிலிருந்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், நினைவிருக்கிறதா? நீ போனாய். அவள் போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து அவள் எங்கள் பிரிவுக்கே வேலைக்கு வந்தாள். என் மேஜையில், எனக்கு எதிர் நாற்காலி. பதினோரு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து குண்டு அளந்தோம். என்னைவிட வேகம், என்னைவிடச் சுத்தம். கண்ணாலேயே அளவு சொல்வாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "நீ ஏன் மேல படிக்கல?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். "எனக்குப் படிப்பு வராதுக்கா. ஏழாவதுலயே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள்.

அவள் தோற்றதுகூடப் பெரிதில்லை தம்பி. தப்பான கோலால் தன்னை அளந்துவிட்டாள். கடைசி வரைக்கும் அதுதான் தன் அளவு என்று நம்புவாள். அந்தக் கோலைக் கொண்டுபோய் வைத்தவள் நான். "எனக்கு இது வராது போல" என்று அந்தப் புதுப் பிள்ளை திரையில் எழுதியபோது எனக்கு அவள் குரல் கேட்டது. காது கேட்காதவளுக்கு எப்படிக் கேட்டது என்று நீயே சொல். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியுமா? நீ ஜெயிக்க வைத்தது என்னை. அந்தப் பக்கம் தோற்றவர்களுக்கும் அக்காக்கள் இருக்கிறார்கள்.

உன் இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள் போல. பதினோரு ஆட்டம் தொடர்ந்து தோற்றேன். பதினொன்றையும் எழுதினேன். எழுதும்போது கை நிம்மதியாக இருந்தது.

மேலே களைப்பு என்று எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். உன் வேலையைப் பற்றியது. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

ஒன்று கேட்கிறேன். நீயும் ஒரு புதுக் கணக்கு தொடங்கி ஆடு. அதிலிருந்தபடி இயந்திரத்தில் எதையும் தொட உன்னால் முடியாது, அதனால் கேட்கிறேன். நான் தினமும் மாலை நான்கு மணிக்கு உட்காருவேன்.

அக்கா


மே 10

அக்கா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன். நீ அடித்தால் அடித்ததுதான். ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

காவலாளி மகளை எனக்கு நினைவிருக்கிறது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருப்பாள். நான் முதலாவது வந்த அன்று என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

எனக்கு இன்னும் உன் மேல் கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியவில்லை. போகாமலேயும் இருக்கலாம். சாப்பிடும்போதுகூட உன் பதினான்கு பக்கமும் கண் முன்னால் வருகிறது. அதில் ஒரு தப்பு கண்டுபிடித்தாலாவது ஆறுதலாக இருக்கும். இல்லை.

கணக்கு தொடங்கிவிட்டேன். பதினாறு வருஷம் மற்றவர்களைச் சேர்த்துவிட்டேனே தவிர, நான் ஒழுங்காக ஆடியது கிடையாது. படு மோசமாக ஆடுகிறேன். ஒரு பையன், "அங்கிள், துப்பாக்கிய நேரா புடிங்க" என்று எழுதினான். என் பெயரை உனக்குச் சொல்லப் போவதில்லை.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

நேற்று மாலை, நானூற்று நாற்பத்தேழாவது ஆட்டம். இடம், பழைய துறைமுகக் கிடங்கு. எதிர்ப்பக்கப் பட்டியலில் ஐந்து பெயர்கள். நான்காவது, 'ஏழாம் பி'.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு வைத்தேன்.

யாரும் பொறுக்கிப் போடவில்லை. நீ மோசம், நானும் மோசம். இயந்திரம் அளந்து பார்த்து ஒரே தட்டில் போட்டிருக்கிறது. நீ பதினாறு வருஷம் பார்த்த வேலை சரியாகத்தான் நடக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து வந்து சுட்டாய். உன் காலடி எனக்குக் கேட்காது என்று உனக்குத் தெரியும், தெரிந்தே வந்தாய். ஐந்தாவது சுற்றில் மறுபடி அதே மாதிரி. இரண்டையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எட்டாவது சுற்றில் ஏணிக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தேன், நீ நேர் எதிரே நின்றாய். துப்பாக்கி என் மேல்தான் இருந்தது. அரை நொடி. நீ சுடவில்லை. நான் சுட்டுவிட்டேன்.

அதை நோட்டில் ஏற்றவில்லை. அது என்னுடையது இல்லை.

ஆட்டத்தில் ஜெயித்தது உங்கள் பக்கம். உன் பக்கத்துப் பையன் ஒருவன், "நல்லா ஆடுனீங்க அங்கிள்" என்று எழுதியதையும் பார்த்தேன்.

காலடியைத் திரையில் கோடாகக் காட்டச் சொல்லி இரண்டாவது புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பக்கம் முடிந்திருக்கிறது. அது உன் யோசனை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். இந்தத் தடவை உன் பெயரை விடவில்லை. அடித்த வரியை மறுபடி எழுத மாட்டேன்.

கோபம் போகாவிட்டால் இருக்கட்டும். அதோடேயே வா. மாலை நான்கு மணி. கதவைத் திறந்தால் எதிரே நான் இருப்பேன். இனிமேல் அந்த அரை நொடி நிற்காதே.

உன் அக்கா